சத்திரசிகிச்சையும் சங்கத்தின் கடமையும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டிக் கொஸ்லந்தவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையிலே பக்தியைப் பற்றியோ பண்பாட்டைப் பற்றியோ பேசுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சத்திரசிகிச்சை. "கத்தியும் இரத்தமும் வைத்தியருடைய விஷயம் ஆயிற்றே, சமயச் சங்கத்துக்கு அதிலே என்ன வேலை?" என்று அன்பர்கள் எண்ணக்கூடும். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதே இந்தப் பேச்சின் நோக்கம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது, வைத்தியம் நான்கு பகுதிகளை உடையது என்கிறார். நோயாளி ஒருவர், நோயைத் தீர்க்கும் வைத்தியர் ஒருவர், மருந்து ஒன்று, அந்த மருந்தைக் காலமறிந்து கொடுத்து அருகே இருந்து கவனிப்பவர் ஒருவர். வடமொழிச் சரக சங்கிதையும் இதே நான்கைக் கூறுகிறது. பழைய அறுவை வைத்திய நூலாகிய சுசுருத சங்கிதை வேறொரு கணக்கும் சொல்கிறது. வேலை மூன்று கூறுபடும். அவை பூர்வ கர்மம், பிரதான கர்மம், பச்சாத் கர்மம். அதாவது அறுவைக்கு முன் செய்ய வேண்டியது, அறுவை, அறுவைக்குப் பின் செய்ய வேண்டியது.

இம்மூன்றில் நடுவே உள்ளது ஒன்றுதான் வைத்தியருடைய மேசையிலே நடக்கிறது. அது பெரும்பாலும் ஒரு மணி நேரத்திலோ இரண்டு மணி நேரத்திலோ முடிந்துவிடும். அதற்கு முன்னுள்ள நாட்களும் பின்னுள்ள வாரங்களும் லயத்துக் காம்பராவிலே கழிகின்றன. அங்கே நாலாவது ஆளாக நிற்க வேண்டியவர் யார்? நாம்தான். சூலை நோயால் துடித்து வந்த திருநாவுக்கரசருக்குத் துணையாக நின்று, திருநீறு தந்து, திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றவர் தமக்கையார் திலகவதியார். துணை நிற்பதும் தொண்டே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

சத்திரசிகிச்சை என்றதும் நம்மவர்க்கு முதலில் வருவது பயம். அது காரணமற்ற பயம் என்று சொல்ல மாட்டோம். 1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி, அமெரிக்காவிலுள்ள பொஸ்டன் நகரிலே வில்லியம் மோர்ட்டன் என்னும் பல்வைத்தியர் ஈதர் ஆவியால் ஒரு நோயாளியை மயங்கச் செய்து, நோவின்றி அறுவை நடக்கும் என்று ஊரறியக் காட்டினார். அதற்கு முன்பெல்லாம் நாலு பேர் நோயாளியைப் பிடித்துக்கொள்ள, அவர் அலற அலறத்தான் கத்தி வைத்தார்கள். நோவு தீர்ந்த பிறகும் சாவு தீரவில்லை. காயம் சீழ் பிடித்துப் பலர் மாண்டனர். ஜோசப் லிஸ்டர் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1865இல் காபோலிக் அமிலத்தால் காயத்தைச் சுத்தம் செய்யத் தொடங்கி, 1867இல் அந்த முறையை உலகறிய எழுதினார்.

அதே 1867இல், யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்கப் பாதிரி வைத்தியரின் "இரண வைத்தியம்" என்னும் அறுவை நூல் தமிழிலே வெளிவந்தது. ஆகவே, சத்திரசிகிச்சையைத் தமிழில் விளக்க முடியாது என்று எவரும் சொல்வதற்கில்லை. 150 ஆண்டுகளுக்கு மேலாகவே அது தமிழில் விளக்கப்பட்டு வந்திருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை உண்டு.

நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த காலமும் அதுவே. தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்ய வேண்டும் என்று 1872இல் தனிக் கட்டளைச் சட்டம் ஒன்று பிறந்தது. டிஸ்பென்சரியில் போத்தலை நீட்டிக் கலவை மருந்து வாங்கிவந்த தலைமுறைகள் பல. இன்றோ கொஸ்லந்தவிலே அரசாங்க வைத்தியசாலை உண்டு. தியத்தலாவையிலே ஆதார வைத்தியசாலை உண்டு. பதுளையிலே பெரிய வைத்தியசாலை உண்டு. அங்கே சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால், 2016இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வருகிறது. இத்தனை இருந்தும் நம்மவர் துன்பம் ஏன் குறையவில்லை என்று பார்க்க வேண்டும்.

நாம் அறிந்த ஒரு பெரியவரின் கதையைச் சொல்கிறோம். அவருக்குக் குடலிறக்கம். வைத்தியர் பரிசோதித்து, சிறிய சத்திரசிகிச்சைதான் என்று சொல்லி நாளும் குறித்துக் கொடுத்தார். "இந்த வயசுல கத்தி வச்சா நான் பொழைக்க மாட்டேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நாலு வருஷம் மலைக்குப் போனார். ஓர் இரவு இறங்கிய குடல் திரும்ப ஏறவில்லை, நெரிந்துவிட்டது. மழையிலே தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் பிழைத்தார். ஆனால் குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு நாளில் வீடு திரும்ப வேண்டியவர் நாலு வாரம் கிடந்தார். அவரைக் கெடுத்தது கத்தியா? இல்லை. கத்திக்குப் பயந்து தள்ளிப்போட்ட நாலு வருஷமே கெடுத்தது.

ஆகவே முதற் கடமை, குறித்த நாளிலே போவது. நாட்சம்பளம் போகுமே, பிள்ளைகளை யார் பார்ப்பது, பஸ்ஸுக்குக் காசு எங்கே என்ற கேள்விகள் நியாயமானவை. அவற்றுக்கு விடை காண வேண்டியது நோயாளி மட்டும் அன்று. அதைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

இரண்டாவது, உடம்பைத் தயார் செய்வது. நம் பெண்களிலே இரத்தச் சோகை உள்ளவர் பலர். சோகை உள்ள உடம்பு இரத்த இழப்பைத் தாங்காது. காயமும் தாமதித்தே ஆறும். நாள் குறித்த அன்றே இதைப் பரிசோதித்து, கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டால் நிலைமை மாறும். சீனி வியாதி, பிரஷர் உள்ளவர்கள் உட்கொள்ளும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையிலே போட்டுக் கையோடு கொண்டுபோக வேண்டும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும். பீடி, சுருட்டு, வெற்றிலையோடு மெல்லும் புகையிலை ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். புகைப்பதை 4 வாரங்களுக்கு முன்னரேனும் நிறுத்தியவருக்கு நெஞ்சுக்கோளாறும் காயக்கோளாறும் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குளித்துச் சுத்தமாகப் போக வேண்டும். ஆனால் அறுக்கும் இடத்து மயிரை வீட்டிலே சவரக் கத்தியால் மழிக்கலாகாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களின் வழியே கிருமி புகும்.

மூன்றாவது, வெறும் வயிறு. இதிலே ஒரு நிகழ்ச்சி. கொழுந்தெடுக்கும் ஓர் அம்மாள் சத்திரசிகிச்சைக்காக விடியற்காலையிலே வீட்டிலிருந்து புறப்பட வேண்டும். முதல் நாள் அவருக்கு அறிவுரை சொல்லப்பட்டது. ஆனால் அவருக்குத் தெரியாத மொழியிலே. அவர் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். விடியற்காலை மருமகள் அன்போடு பால் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். சத்திரசிகிச்சை அன்று நடக்கவில்லை. மறுபடி நாள் கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. "ராத்திரியெல்லாம் வெறும் வயித்தோட கெடந்தா மயக்கம் வராதா தம்பி? அதான் குடுத்தேன்" என்று அந்த மருமகள் அழுதாள். அவளைக் குறை சொல்வதற்கு நமக்கு மனம் வருமா?

காரணம் தெரிந்தால் எவரும் கொடுக்க மாட்டார்கள். மயக்கத்திலே தொண்டையின் காவல் தளர்கிறது. இரைப்பையில் உள்ளது மேலே ஏறி நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அதனாலேயே திட உணவை 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்தச் சொல்கிறார்கள். பால் தேத்தண்ணீரும் அந்தக் கணக்கிலே சேர்ந்ததுதான். தெளிந்த நீரை 2 மணி நேரத்துக்கு முன்வரை பொதுவாக அனுமதிப்பதுண்டு. ஆயினும் நமக்குக் குறித்துத் தந்த நேரமே நமக்குச் சட்டம்.

நான்காவது, சம்மதம். சத்திரசிகிச்சைக்கு முன் ஒரு தாளிலே கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வாங்குவார்கள். அது வெறும் சடங்கு அன்று. என்ன செய்யப் போகிறார்கள், ஏன் செய்கிறார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும், என்ன ஆபத்து உண்டு, எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம் என்ற ஐந்து கேள்விக்கும் விடை விளங்கிய பின்னரே கை வைக்க வேண்டும். கருத்தடைச் சத்திரசிகிச்சை போன்றவற்றிலே இது இன்னும் முக்கியம். அந்தப் பெண்ணே கேட்டு, அவளே விளங்கி, அவளே சம்மதிக்க வேண்டும். புருஷனோ வேறெவரோ அவசரப்படுத்தலாகாது. 1987இலிருந்து தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழில் விளக்கம் கேட்பது கெஞ்சுவது அன்று, உரிமை. சிங்களம் மட்டும் பேசும் வைத்தியரும் தாதியரும் நம்மிடம் சொல்லாமல் விடுவது பெரும்பாலும் மனமில்லாமையால் அன்று, மொழி இல்லாமையால். இரண்டு மொழியும் தெரிந்த வாலிபர்கள் இந்தக் கூட்டத்திலே எத்தனை பேர் இருக்கிறீர்கள்! உங்களில் ஒருவர் அருகே நின்றிருந்தால் அந்த அம்மாளுக்கு மூன்று வாரம் வீணாகியிருக்குமா?

இனி நடுவிலுள்ள வேலை. அது வைத்தியருடைய இடம். அங்கே நாம் புகுவதற்கில்லை. ஆயினும் அங்கே நடப்பதை அறிந்தால் பயம் குறையும். 2008இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கென 19 விஷயங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்து கொடுக்கு முன் ஒரு முறை, தோலை அறுக்கு முன் ஒரு முறை, நோயாளி கூடத்தை விட்டு வெளியேறு முன் ஒரு முறை என மூன்று இடத்திலே நின்று, வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். இவர் யார், என்ன சத்திரசிகிச்சை, எந்தப் பக்கம், எந்த மருந்து ஒவ்வாது, இரத்தம் தயாரா, பஞ்சும் ஊசியும் எண்ணிக்கை சரியா என்பன போன்ற கேள்விகள். புது டில்லி, மணிலா, லண்டன் முதலிய 8 நகரங்களில் இதைச் சோதித்தபோது, மரணம் 100க்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 100க்கு 11 என்பதிலிருந்து 7 ஆகவும் குறைந்தன என்று 2009இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. புதிய இயந்திரத்தால் வந்த பலன் அன்று இது. கேட்க வேண்டியதை மறவாமல் கேட்டதால் வந்த பலன்.

அந்தப் பட்டியலின் முதற் கேள்வியே பெயர். நம் தோட்டங்களிலே இதுவே பெரிய வில்லங்கம். ஒரே லயத்திலே மூன்று லெட்சுமிகள் இருப்பார்கள். செக்ரோலிலே ஒரு பெயர், அடையாள அட்டையிலே இன்னொரு பெயர், வீட்டிலே கூப்பிடுவது வேறொரு பெயர். வார்ட்டிலே பெயரைக் கூப்பிட்டால் தனக்குரியது என்று தெரியாமலே படுத்திருப்பவர் உண்டு. அச்சத்தால் எந்தப் பெயருக்கும் "ஆமாங்க" என்பவரும் உண்டு. எனவே நோயாளியை அனுப்பு முன், அட்டையிலுள்ள முழுப் பெயரையும் நோயுள்ள பக்கத்தையும் அவர் வாயாலேயே சொல்லப் பழக்கி அனுப்புவோம். இடமா வலமா என்று கேட்டால் கையால் தொட்டுக் காட்டச் சொல்வோம்.

இந்த நடுக் கட்டத்திலும் நம் கையால் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அது இரத்ததானம். 18 வயது முதல் 60 வயது வரையுள்ள, 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள சுகதேகிகள் 4 மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். இலங்கையின் இரத்த வங்கி இன்று கூலியின்றி மனமுவந்து கொடுப்பவர்களை நம்பியே நடக்கிறது. திருக்காளத்தியிலே தம் கண்ணையே பெயர்த்து அப்பிய கண்ணப்பரை வணங்கும் நாம், மீண்டும் ஊறிவிடும் இரத்தத்தைக் கொடுக்கத் தயங்கலாமா?

மூன்றாவது கட்டமாகிய பின்வேலைக்கு வருவோம். மிகுந்த பிழைகள் நடப்பது இங்கேதான். சத்திரசிகிச்சை ஆனவர் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பது பழைய எண்ணம். டென்மார்க் நாட்டு வைத்தியர் ஹென்ரிக் கெலெட் முதலியோர் 1990களில் இதை மாற்றிக் காட்டினர். நோவை நன்கு அடக்கி, சீக்கிரமே உணவு கொடுத்து, சீக்கிரமே நடக்க வைத்தால் நோயாளி சீக்கிரமே தேறுகிறார். படுத்தே கிடந்தால் காலிலே இரத்தம் உறைந்து, அது நெஞ்சுக்கு ஏறவும் கூடும். சளி கட்டி நுரையீரலும் கெடும். ஆகவே வைத்தியர் "எழும்பு" என்றால் எழும்ப வேண்டும். நோவுக்கு மாத்திரை கொடுப்பது இருமவும் நடக்கவும் முடிய வேண்டும் என்பதற்காகவே. அதை ஒளித்து வைப்பதிலே வீரம் இல்லை.

பத்தியம் என்ற பெயரால் கஞ்சித் தண்ணீரும் வெறும் ரொட்டியும் கொடுத்து நோயாளியை வாட்டுவதை நிறுத்த வேண்டும். காயம் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். பருப்பு, கௌபி, கடலை, பால் எல்லாம் நல்லவை. உண்பவருக்கு முட்டையும் மீனும் நல்லவை. வைத்தியர் விலக்கியதை மாத்திரம் விலக்குவோம். காயத்திலே மஞ்சள், எண்ணெய், சாம்பல், பச்சிலை எதையும் வைக்கலாகாது. திருநீறு நெற்றிக்கு உரியது, காயத்துக்கு உரியதன்று. காயத்தைத் தொடு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

காய்ச்சல், காயத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பு, சீழ், நாற்றம், தையல் பிரிதல், ஓயாத வாந்தி, வயிறு ஊதுதல், ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், மூச்சுத் திணறல், சிறுநீர் போகாமை என இவற்றில் ஒன்று கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாகக் கூடை. நெற்றியிலே கயிற்றை மாட்டி, முதுகிலே கொழுந்துக் கூடையைச் சுமந்து சரிவிலே ஏறும் வேலை, வயிற்றுத் தையலுக்கு எத்தனை பெரிய சோதனை என்று நகரத்து வைத்தியருக்கு நாம் சொன்னால்தான் தெரியும். "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டால் "தோட்ட வேலை" என்று சொல்லி நிறுத்திவிடாமல், சுமையையும் ஏற்றத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் குறிக்கும் வாரங்கள் முடியும் வரை கூடையும் வேண்டாம், விறகுக்கட்டும் வேண்டாம், தண்ணீர்க் குடமும் வேண்டாம். இரண்டாவது வாரமே பேர் போடப் போய்த் தையல் பிரிந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் அறியாமையால் போகவில்லை. அடுப்பு எரிய வேண்டுமே என்று போனார்கள்.

அன்பர்களே! இத்தனையும் சொன்ன பிறகு வெறும் கைதட்டலோடு கலைந்துவிட்டால் பயன் என்ன? நம் சங்கம் நாலு காரியங்களை இந்த ஆண்டிலே ஏற்க வேண்டும் என்று வேண்டுகிறோம்.

ஒன்று: ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு வாலிபரும் ஒரு யுவதியும் "நாலாவது ஆள்" என நியமிக்கப்பட வேண்டும். சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவரோடு கிளினிக்குக்குக் கூடப் போய், மொழிபெயர்த்து, நேரத்தையும் மருந்தையும் தமிழிலே எழுதிக் கொடுப்பது இவர்கள் வேலை. பெண்ணுக்குப் பெண்ணே துணை போக வேண்டும். வைத்தியசாலையிலே கேட்டதை லயத்திலே பேசலாகாது.

இரண்டு: இரத்தம் கொடுப்போர் பெயரை வகைவாரியாக எழுதிய ஒரு கொப்பி சங்கத்திலே இருக்க வேண்டும்.

மூன்று: கோயில் திருவிழாச் செலவிலே ஒரு சிறு பங்கை ஒதுக்கி, பஸ் கட்டணத்துக்கும், நோயாளி ஓய்விலிருக்கும் வாரங்களுக்கான அரிசி பருப்புக்கும் ஒரு நிதி வைக்க வேண்டும். ஒரு வாணத்தைக் குறைத்தால் ஒரு வீட்டு அடுப்பு எரியும்.

நான்கு: துண்டு வெட்டி வீட்டுக்கு வந்தவரை இரண்டாம் நாளும், ஐந்தாம் நாளும், பத்தாம் நாளும் போய்ப் பார்க்க வேண்டும். துண்டிலே எழுதியிருப்பதை வாசித்து விளக்கி, தையல் வெட்டும் நாளை நினைவூட்ட வேண்டும்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியதை இந்தக் கூட்டத்திலே மறந்தவர் எவரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே எழுத்திலே இருந்தது. எழுத்திலே இருந்தது, உயிரைக் காக்கும் செயலாக லயத்துக்கு வந்து சேரவில்லை. அதே பாடம் இங்கேயும் பொருந்தும். வைத்தியர் எழுதிய துண்டு வைத்தியசாலையிலே இருக்கிறது. நோயாளி லயத்திலே இருக்கிறார். இரண்டுக்கும் நடுவே உள்ள மலைப்பாதையிலே நடக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் நாமாக இருப்போம். அடுத்த ஆண்டு மலரிலே இந்தப் பேச்சு மறுபடி அச்சாக வேண்டியதில்லை. எத்தனை பேருக்குத் துணை போனோம் என்ற கணக்கு அச்சானால் போதும். எல்லாம் வல்ல இறைவன் அதற்கு அருள் புரிவானாக.